1718–1739 செர்பிய ராஜ்ஜியம்: போரில் போனதா, நிர்வாகத்தில் போனதா?

கோட்டைவாசல்:

செர்பியா என்றால் நம் ஆட்களுக்கு மூன்று தேதிகள்தான் ஞாபகத்துக்கு வரும். 1389 கொசோவோ, 1804 எழுச்சி, 1914 சரயேவோ. நடுவில் 1718 முதல் 1739 வரை பெல்கிரேடும், அதற்குத் தெற்கே மேற்கு மொராவா ஆறு வரை உள்ள ஊர்களும் உதுமானிய (துருக்கிய) சுல்தான் கையில் இல்லை, வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கையில் இருந்தன. அந்தத் துண்டைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முன்கதை சுருக்கமாக: வியன்னாவின் தளபதி, சவோய் இளவரசர் யூஜின் 1716 ஆகஸ்டில் பெட்ரோவரதினில் உதுமானியப் படையை முறியடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெமெஷ்வார் விழுந்தது. 1717 ஆகஸ்டில் பெல்கிரேடு. 1718 ஜூலை 21 அன்று போஜரேவட்ஸில் (ஜெர்மானியர் வாயில் பாசரோவிட்ஸ்) உடன்படிக்கை. பனாத் (டான்யூபுக்கு வடக்கே), ஓல்தேனியா (இன்றைய ருமேனியாவின் தென்மேற்கு), வடக்கு பாஸ்னியாவில் ஒரு பட்டை, வடசெர்பியா எல்லாம் பேரரசர் ஆறாம் சார்லஸுக்கு வந்து சேர்ந்தன. ஹாப்ஸ்பர்க் எல்லை அந்தப் பக்கம் அவ்வளவு தூரம் போனது அப்போதுதான்.

வடசெர்பியாவுக்கு ராஜ்ஜியம் என்று பெயர் வைத்தார்கள். ராஜா அங்கே வந்து உட்காரவில்லை, முடிசூட்டு விழாவும் கிடையாது. அது தங்களுக்குச் சேர வேண்டிய நிலம் என்று ஹங்கேரியப் பிரபுக்கள் கேட்டுப் பார்த்தார்கள், வியன்னா கொடுக்கவில்லை. பெல்கிரேடில் ஒரு ராணுவ ஆளுநர். அவருக்கு மேலே வியன்னாவில் போர்க்குழுவும் கஜானாத் துறையும் சேர்ந்து உட்காரும் ஒரு கமிட்டி. அவ்வளவுதான் அரசமைப்பு. ஆளுநர்களில் அதிக காலம் இருந்தவர் வூர்ட்டம்பெர்க்கின் கார்ல் அலெக்சாண்டர், 1720 முதல் 1733 வரை.

புத்தகங்களில் இந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: 1737–39 போரில் தோற்றார்கள், 1739 பெல்கிரேடு உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு இது போதவில்லை. 21 ஆண்டு கையில் இருந்த ஒரு நாடு மூன்றே கோடைகாலத்தில் கைநழுவுகிறது என்றால், அதற்கு முன்பே அங்கே ஏதோ உளுத்துப்போயிருக்க வேண்டும். வியன்னா அங்கே ஒரு கோட்டையைத்தான் கட்டியது, மாகாணத்தைக் கட்டவில்லை என்பது என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.


பழைய பஞ்சாங்கம்:

முதல் அடி என்னுடையது. போரில் வந்தது, போரில் போனது. இதற்கு மேல் யோசிப்பது வீண் வேலை.

1717-ஐப் பாருங்கள். யூஜின் கிழக்கே பான்செவோ பக்கம் சுற்றிப்போய் டான்யூபைக் கடந்து பெல்கிரேடை முற்றுகையிடுகிறார். உள்ளே முஸ்தபா பாஷாவின் காவல்படை. பின்னாலேயே பெரிய வஸீர் (சுல்தானின் தலைமை அமைச்சர்) ஹலீல் பாஷா மீட்புப்படையோடு வந்து மேட்டில் உட்கார்ந்துகொள்கிறார். முற்றுகையிட்டவனே முற்றுகைக்குள். போதாததற்கு முகாமில் வயிற்றுக்கடுப்பு. ஆகஸ்ட் 14 அன்று ஒரு குண்டு கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் விழுந்து உள்ளே பெரும் சேதம். 16 அதிகாலை மூடுபனியில் யூஜின் கிளம்பிப்போய் ஹலீல் பாஷாவை அடிக்கிறார். கோட்டை சரண். அந்த ஒரு காலை நேரத்தின் பலன்தான் உங்கள் ராஜ்ஜியம் முழுவதும்.

இப்போது 1737. யூஜின் 1736 ஏப்ரலில் செத்துவிட்டார். போலந்து வாரிசுப் போரில் கஜானா காலி, பழைய படைவீரர்கள் பாதிப்பேர் இல்லை. 1726-இல் ரஷ்யாவோடு போட்ட கூட்டணிக்காக சார்லஸ் வேண்டாவெறுப்பாகப் போரில் இறங்குகிறார். அவருடைய தளபதி செக்கெண்டோர்ஃப் ஜூலையில் தெற்கே உள்ள நீஷ் கோட்டையைப் பிடிக்கிறார், அக்டோபரில் அது திரும்பப் போகிறது. ஆகஸ்டிலேயே பாஸ்னியாவில் பான்யா லூகாவில் ஹெகிமோக்லு அலி பாஷா ஹாப்ஸ்பர்க் படையை நொறுக்கிவிட்டார். 1738-இல் ஒர்ஷோவா போனது, அதோடு பிளேக். 1739 ஜூலை 22 அன்று பெல்கிரேடுக்கு அருகே குரோட்ஸ்காவில் ஹாப்ஸ்பர்க் தளபதி வாலிஸ், பின்னால் காலாட்படை வந்து சேர்வதற்கு முன்பே குதிரைப்படையை ஒரு இடுக்கு வழியில் அனுப்பிச் சிக்கவைத்தார். முடிந்தது.

எதிர்ப்பக்கம் பீரங்கிப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? பொன்வால். பிரெஞ்சுக்காரர். பெட்ரோவரதினிலும் பெல்கிரேடிலும் யூஜினின் கீழ் சண்டை போட்டவர். பிறகு யூஜினோடு முட்டிக்கொண்டு, இஸ்தான்புல் போய் மதம் மாறி, ஹும்பரஜி அகமது பாஷா ஆனார். யூஜினின் வித்தையை அந்தப் பக்கம் கொண்டுபோனவர். மாகாண நிர்வாகம் நன்றாக இருந்திருந்தால் இதெல்லாம் மாறியிருக்குமா?


கோட்டைவாசல்:

பஞ்சாங்கம் ஐயா, ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1739-இல் பெல்கிரேடு விழவில்லை. குரோட்ஸ்கா தோல்விக்குப் பிறகும் கோட்டை நின்றது, காவல்படை உள்ளே இருந்தது. சமாதானம் பேச நைபெர்க் தளபதி உதுமானிய முகாமுக்கே போனார். பிரெஞ்சுத் தூதர் வில்நெவ் இடைத்தரகர். செப்டம்பர் 1 முன்னோட்ட ஒப்பந்தம், 18 அன்று முழு உடன்படிக்கை. ஆகஸ்ட் கடைசியில் ரஷ்யத் தளபதி மியூனிக் ஸ்தாவுச்சானியில் ஜெயித்து ஹோத்தினைப் பிடித்திருந்தார். அந்தச் செய்தி வருவதற்கு முன்பே பேரம் முடிந்துவிட்டது. கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் பேச்சின் தோரணையே வேறாக இருந்திருக்கும்.

ஆக, கோட்டையை எதிரி பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்தார்கள். அதுவும், தாங்கள் கட்டிய புதிய அரண்களைத் தாங்களே இடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு!


பழைய பஞ்சாங்கம்:

அது நைபெர்க்கின் பயம். அதற்கும் செர்பிய விவசாயியின் வரிக்கும் என்ன சம்பந்தம்? வாலிஸையும் நைபெர்க்கையும் சார்லஸ் சிறையில் போட்டார். 1740 அக்டோபரில் அவர் இறந்ததும் மரியா தெரேசா விடுவித்தார். விடுவித்து, நைபெர்க்கிடம் ஒரு படையையும் கொடுத்தார். 1741 ஏப்ரலில் மோல்விட்ஸில் பிரஷ்யாவிடம் தோற்றவர் அதே ஆள்தான். சில பேருக்கு ராசி அப்படி.


கணக்குப்பிள்ளை:

சம்பந்தம் இருக்கிறது. நான் சொல்கிறேன்.

இந்த மாகாணத்தில் எல்லாவற்றையும் விட அரிதான பொருள் மனிதன். 1690-இல் செர்பியத் திருச்சபையின் தலைவரான பிதாமகர் மூன்றாம் ஆர்செனியேயின் பின்னால் பெரும் கூட்டம் வடக்கே டான்யூபைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு போர் மேல் போர். 1718-இல் வியன்னா கைக்கு வந்தது மண்ணும் காடும்தான். உழுவதற்கும் வரி கட்டுவதற்கும் ஆள் குறைவு. கஜானாத் துறை அதிகாரிகள் தலை எண்ண ஆரம்பித்ததுமே இது தெரிந்துவிட்டது.

இப்போது அந்தக் கமிட்டியை யோசித்துப் பாருங்கள். ஒரே மேசையில் இரண்டு எஜமான். போர்க்குழுவுக்கு எல்லையில் ஆயுதம் ஏந்தும் ஆட்கள் வேண்டும். அதனால் ஹைதுக்குகளுக்கு (துருக்கியருக்கு எதிராக ஆயுதம் ஏந்திப் பழகிய உள்ளூர் ஆட்கள்) நிலம் கொடுத்து, 'வரி வேண்டாம், துப்பாக்கியோடு எல்லையைக் காத்தால் போதும்' என்றது. கஜானாத் துறைக்கு வரி கட்டும் குடும்பங்கள் வேண்டும். ஒரு குடும்பம் ஹைதுக் பட்டியலுக்குப் போனால் கஜானாவின் பட்டியலில் ஒன்று குறையும். இரண்டு பட்டியலுக்கும் ஆள் ஒரே கிராமத்திலிருந்துதான் வர வேண்டும். சிக்கிக்கொண்டவன் மீதி இருந்த விவசாயி. வரி, தானியம், கூலியில்லா வேலை, கோட்டைக்கு மரம் வெட்டி இழுப்பது, ராணுவத்துக்கு வண்டி ஓட்டுவது எல்லாம் அவன் தலையில்.

அவனுக்கு ஒரே ஒரு ஆயுதம். கால். எல்லை நடந்து போகும் தூரத்தில். அந்தப் பக்கத்து உதுமானிய அதிகாரிகளுக்கும் ஆள் பஞ்சம்தான், வருகிறவனை அவர்கள் விரட்டவில்லை. சுல்தானிடமிருந்து தப்பித்தோம் என்று 1718-இல் சந்தோஷப்பட்ட ஊர்களிலிருந்தே சிலர் பின்னால் சுல்தான் பக்கம் போனார்கள். வியன்னாவின் ஆவணங்களிலேயே இந்தப் புலம்பல் இருக்கிறது.

பக்கத்து பனாத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே மெர்சி பிரபு பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்து சதுப்பை வடித்தார், கால்வாய் வெட்டினார், ஜெர்மானியக் குடிகளைக் கொண்டுவந்து கிராமம் கிராமமாக உட்காரவைத்தார். 1739-இல் ஒர்ஷோவா பக்கம் தவிர பனாத் வியன்னாவிடமே நின்றது. செர்பியாவில் குச்சைனா, மைதான்பெக் சுரங்கங்களை மறுபடி தோண்ட முயன்றார்கள், பெல்கிரேடுக்கு ஜெர்மானியக் கைவினைஞர்களை அழைத்துவந்தார்கள். பணத்தில் பெரும்பகுதி கோட்டைச் சுவருக்கே போனது. எழுதிக் கொடுக்கும்போது பேரம் பேசுகிறவனுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடும் இல்லையா? எதை விட்டால் வலிக்கும், எதை விட்டால் வலிக்காது என்று. செர்பியா வலிக்காத பக்கத்தில் இருந்தது.


நள்ளிரவு நரி:

இரண்டு பக்கமும் ரத்தக்காட்டேரியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! இந்தக் குட்டி ராஜ்ஜியத்தை உலகம் ஞாபகம் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

1725, கிசில்யேவோ கிராமம், டான்யூப் கரை. பீட்டர் பிளகோயெவிச் என்பவர் இறந்து பத்து வாரம் ஆகிறது. எட்டே நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். சாவதற்கு முன் எல்லோரும், 'பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்து கழுத்தை நெரித்தான்' என்கிறார்கள். அவர் மனைவியோ, 'ராத்திரி வந்து என் செருப்பைக் கொடு என்று கேட்டார்' என்று சொல்லிவிட்டு ஊரையே காலிசெய்துகொண்டு போய்விட்டார். கிராமத்தார் கல்லறையைத் தோண்ட வேண்டும் என்கிறார்கள். கிராதிஷ்கா வட்டாரத்துப் பேரரசு அதிகாரி ஃப்ரோம்பால்ட், 'பெல்கிரேடு நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுதுகிறேன், பொறுங்கள்' என்கிறார். அவர்கள் கேட்கவில்லை. 'அனுமதி வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்திலும் இப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. நீர் வரவில்லை என்றால் நாங்கள் வீடு வாசலை விட்டுவிட்டுக் கிளம்புகிறோம்' என்றார்கள்.

ஃப்ரோம்பால்ட் வட்டாரப் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போனார். தோண்டினார்கள். உடல் அழுகவில்லை, முடி, தாடி, நகம் எல்லாம் வளர்ந்திருந்தன, வாயில் புது ரத்தம் என்று எழுதியிருக்கிறார். நெஞ்சில் கூர்மரம் அடித்தார்கள், எரித்தார்கள். அறிக்கையின் கடைசியில் மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார்: இதில் தவறு ஏதும் இருந்தால் பழியை என் மேல் போடாதீர்கள், பயத்தில் நிதானம் இழந்த கூட்டத்தின் மேல் போடுங்கள் என்று. அந்த ஜூலையில் வியன்னா செய்தித்தாளிலேயே அது அச்சாகிவிட்டது.


கணக்குப்பிள்ளை:

நரி, காட்டேரிக் கதை என்று நினைத்து என் கட்சிக்கு ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள். 'கிளம்புகிறோம்' என்றார்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்குத்தான் அதிகாரி அசைந்தார். பாதி காலியான நாட்டில் ஒரு கிராமம் மூட்டை கட்டினால் அது அவருடைய வரிப்பட்டியலில் ஓட்டை. பேயை அவர் நம்பினாரோ இல்லையோ, அந்த மிரட்டலை நன்றாகவே நம்பினார்.


நள்ளிரவு நரி:

பேயை விட வரி பெரிது என்று சொல்ல உங்களால்தான் முடியும், அண்ணே. சரி, இரண்டாவது கேஸையும் கேளுங்கள். இதில் உங்கள் ஹைதுக்குகள் வருகிறார்கள்.

மேற்கு மொராவா கரையில் மெத்வெஜா, ஹைதுக்குகள் குடியிருந்த எல்லைக் கிராமம். அர்னோல்ட் பாவ்லே என்ற ஹைதுக் உதுமானியப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். அங்கே தன்னை ஒரு ரத்தக்காட்டேரி பிடித்ததாக உயிரோடு இருக்கும்போதே சொன்னவர். வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். அப்போதே ஊரார் அவரைத் தோண்டி எடுத்துக் கூர்மரம் அடித்துவிட்டார்கள். சில ஆண்டு கழித்து, 1731 குளிர்காலத்தில் மறுபடி வரிசையாகச் சாவு, மூன்று மாதத்தில் பதினேழு பேர். எல்லையில் சாவு என்றால் பிளேக் பயம். முதலில் கிளாசர் என்ற தொற்றுநோய் மருத்துவர் வந்தார். தொற்று இல்லை, கடுமையான விரதத்தால் வந்த பலவீனம் என்று நினைத்தார். ஆனால் ஜனங்கள் இரவில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து, ஒரு பங்கு தூங்க ஒரு பங்கு காவல் இருந்தார்கள். இப்படியே போனால் ஊரை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள். (ஆமாம், இங்கேயும்!)

பிறகு பெல்கிரேடு ஒரு குழுவை அனுப்பியது. படை அறுவை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் தலைமையில் 1732 ஜனவரி 7 அன்று கல்லறைகளைத் திறந்து, ஒவ்வொரு உடலாக வயது, எத்தனை நாள் நோய், புதைத்து எத்தனை வாரம், உள்ளுறுப்பு எப்படி என்று பட்டியல் போட்டார்கள். 'காட்டேரி நிலையில்' இருந்தவை என்று முடிவானவற்றின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொராவாவில் கரைத்தார்கள். கீழே ராணுவ அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்து. அரசு முத்திரையோடு வந்த இந்தக் காகிதம்தான் ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகளில் ஓடி, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் நூல் நூலாக எழுதிச் சண்டைபோட வழிசெய்தது.


கோட்டைவாசல்:

அந்த அறிக்கையின் மொழிபெயர்ப்பைப் படித்திருக்கிறேன். பேய்க்கதை மாதிரியே இருக்காது, பஞ்சநாமா மாதிரி இருக்கும். வியன்னாவின் ஆட்சி அந்த ஊருக்குள் உண்மையில் எந்த அளவு நுழைந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. எண்ணத் தெரிந்தது, எழுதத் தெரிந்தது. ஆனால் தீர்ப்பு ஊரார் சொன்னதுதான்.


மல்லிகா டீச்சர்:

எல்லோரும் வரி, பீரங்கி, பிணம் என்று பேசுகிறீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டீர்களே. 35 வருடம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில் நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பெல்கிரேடு பெருநகரப் பேராயர் மொய்சியே பெட்ரோவிச் ஒரு தீர்க்கமான மனிதர். புதிய ஆட்சியில் கத்தோலிக்கத்துக்கே முன்னுரிமை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பெல்கிரேடில் டான்யூப் பக்கம் ஜெர்மானிய நகரம், சாவா பக்கம் செர்பிய நகரம் என்று பிரித்தார்கள். நகராட்சி உரிமையெல்லாம் ஜெர்மானியருக்கு. மசூதிகள் சில தேவாலயமாயின, சில கிடங்காயின. இன்று பெல்கிரேடில் தொழுகை நடக்கும் ஒரே பழைய மசூதியான பைராக்லி மசூதியும் இந்த ஆண்டுகளில் கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்து, 1739-க்குப் பிறகு மறுபடி மசூதியானது.

மொய்சியே என்ன செய்தார்? ரஷ்ய ஜார் முதலாம் பீட்டருக்கு எழுதினார். எங்களுக்கு ஆசிரியர் அனுப்புங்கள், புத்தகம் அனுப்புங்கள் என்று. பீட்டர் 1725-இல் இறந்த பிறகுதான், 1726-இல், மாக்சிம் சுவோரோவ் என்ற ஆசிரியர் அரிச்சுவடிப் பெட்டிகளோடு ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சியில் வந்து இறங்கினார். அப்புறம் பெல்கிரேடிலும் வகுப்பு நடந்தது. அதே 1726-இல் பெல்கிரேடு, கார்லோவ்சி இரண்டு பேராயங்களும் மொய்சியேயின் கீழ் ஒன்றாயின. டான்யூபுக்கு இரண்டு கரையிலும் இருந்த செர்பியர்கள் ஒரே தலைமையின் கீழ் வருவது வியன்னாவுக்குப் பிடிக்கவில்லை; இழுத்தடித்தார்கள். செர்பியர்கள் சொந்தமாக அச்சகம் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. சிரில் எழுத்தில் அச்சடிக்க வியன்னா அனுமதித்தது 1770-இல்தான், அதுவும் குர்ஸ்பெக் என்ற வியன்னா அச்சகக்காரருக்கு.

ஆகவே கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த 21 ஆண்டுகள் வெற்று ஆண்டுகள் இல்லை. கிராகுயெவட்ஸ் வட்டாரத்தில் ஸ்தானிஷா மார்க்கோவிச் மிலாத்திஷூமா என்ற செர்பியப் படைத்தலைவர் இருந்தார். ஹைதுக்குகளின் தலைமைக் கேப்டன். 1734-இல் திராச்சா மடத்தைப் புதுப்பித்துக் கட்டினார். உள்ளே சுவரோவியத்தில் அவரும் இருக்கிறார். பழைய செர்பிய மன்னர்கள் கோயில் கட்டியவர்களாகச் சுவரில் நிற்பார்களே, அதே வழக்கத்தில் ஒரு எல்லைக் கேப்டன் நிற்கிறார். வியன்னா சம்பளத்தில் இருந்த மனிதர்! அவரைப் பார்த்தால் காலனி அடிமை மாதிரியா தெரிகிறது?


செங்கொடி மைந்தன்:

டீச்சர், ஒரு கேப்டன் நன்றாக இருந்தால் ஊர் நன்றாக இருந்ததாக அர்த்தமா? அந்த மடத்துக்குக் கல் சுமந்தவன் படம் சுவரில் இருக்கிறதா? விவசாயிக்கு எஜமான் மாறினான், அவ்வளவுதான். உதுமானிய நிலக்காரனான ஸ்பாஹி போனான், வரி குத்தகைக்காரனும் ஜெர்மன் குமாஸ்தாவும் வந்தார்கள்.


மல்லிகா டீச்சர்:

தம்பி, அப்படி என்றால் 1737-இல் ஏன் எழுந்தார்கள்? போர் தொடங்கியதும் எல்லைக்கு அந்தப் பக்கம், உதுமானிய ஆட்சியில் இருந்த செர்பியர்களே வியன்னா பக்கம் சேர்ந்தார்கள். பேச் பிதாமகர் நான்காம் ஆர்செனியேயே சேர்ந்தார். நீஷ் கைவிட்டுப் போனதும் அவரும் அவர் பின்னால் வந்தவர்களும் வடக்கே ஓட வேண்டியதாயிற்று. அதுதான் இரண்டாவது பெரும் குடிபெயர்ப்பு. அல்பேனியக் கத்தோலிக்க இனமான கிளிமெந்திகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.


செங்கொடி மைந்தன்:

எழுந்தவர்கள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். வியன்னாவின் வரியைக் கட்டிப் பார்க்காதவர்கள்.


கணக்குப்பிள்ளை:

இதற்கு டீச்சரிடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். 🙂


மல்லிகா டீச்சர்:

இருக்கிறது. வரி கட்டியவர்களும் 1739-இல் சாவா, டான்யூபைத் தாண்டி வியன்னா பக்கம்தான் போனார்கள், மிலாத்திஷூமாவின் ஹைதுக்குகளைப் போல. இரண்டும் நடந்தது. ஒரே ஊரில் அண்ணன் வடக்கேயும் தம்பி தெற்கேயும் போயிருப்பான். எந்தப் பக்கம் போவது என்பது யாருடைய பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது என்பதைப் பொறுத்தது. இதை நீங்கள்தானே சொன்னீர்கள், கணக்குப்பிள்ளை?


பழைய பஞ்சாங்கம்:

டீச்சருக்கு ஒரு சபாஷ்.

கோட்டையைப் பற்றி இவ்வளவு பேசினோம், கட்டிய ஆளைச் சொல்லவில்லை. நிக்கொலா டோக்ஸா த மொரே, சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் ஊர்க்காரர். 1720-களில் பெல்கிரேடு கோட்டையை நட்சத்திர வடிவ அரண்களோடு மறுபடி எழுப்பியவர் அவர்தான். 1737-இல் நீஷைப் பிடித்ததும் அதைக் காக்கும் பொறுப்பு அவருக்கு. தண்ணீர் இல்லை, உணவு இல்லை, உதவிக்கு வர ஆள் இல்லை, எதிரே பெரும்படை. அக்டோபரில் காவல்படையோடு வெளியேறும் நிபந்தனையில் சரணடைந்தார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை கொடுத்து, 1738 மார்ச்சில் பெல்கிரேடிலேயே, தான் கட்டிய கோட்டையிலேயே தலையை வெட்டியது. செக்கெண்டோர்ஃபுக்குச் சிறை, வாலிஸுக்குச் சிறை, நைபெர்க்குக்குச் சிறை. பிரபுக்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். எஞ்சினியர் வரவில்லை.

இந்த இடத்தில் மட்டும் நிர்வாகத்தைத் திட்ட நானும் தயார்.


புதுமுகம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஆறாம் சார்லஸ்தானே நம் கோவளத்தில் வியாபாரக் கொட்டகை போட்ட ஆஸ்டெண்டு கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தவர்? சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தைச் சொல்கிறேன்.


கணக்குப்பிள்ளை:

அவரேதான். 1722 டிசம்பரில் பட்டயம். கோவளத்திலும் வங்காளத்தில் பாங்கிபஜாரிலும் கொட்டகை. நல்ல லாபம் பார்த்த கம்பெனி. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பொறுக்கமாட்டாமல் குடைந்தார்கள். சார்லஸுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரேசாவின் வாரிசுரிமையை மற்ற அரசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு விலையாக 1727-இல் கம்பெனியை நிறுத்திவைத்து, 1731-இல் மூடினார்.

நான் முன்பு சொன்ன 'வலிக்காத பக்கம்' கணக்குக்கு இதுவும் உதாரணம். தொலைதூர உடைமை எதுவாக இருந்தாலும் அந்த மனிதருக்கு அது பேரத்துக்கான சில்லறை.


ஊர்சுற்றி:

நான் போன வருடம் பெல்கிரேடு போயிருந்தேன். இந்த இழையை அப்போதே படித்திருந்தால் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன். கலமெக்தான் கோட்டைக்குள் 'ரோமானியக் கிணறு' என்று ஒன்று காட்டுகிறார்கள். சுமார் 60 மீட்டர் ஆழம், சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் இரட்டைப் படிக்கட்டு. ஈரமும் இருட்டுமாக ஆளை மிரட்டும். டிக்கெட் வாங்கி எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து பலகையைப் படித்தால், ரோமானியருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆஸ்திரியர்கள் 1717-க்குப் பிறகு முற்றுகைக் காலத் தண்ணீருக்காக வெட்டியது என்று போட்டிருக்கிறது. கீழ்நகரத்தில் ஆறாம் சார்லஸ் வாசல் என்று ஒரு தோரண வாசல் தனியாக நிற்கிறது, 1736-இல் கட்டியது. ஒரு பக்கம் நெற்றியில் பேரரசரின் எழுத்துச் சின்னம், மறுபக்கம் அம்பு தைத்த பன்றித் தலை. அந்தப் பன்றித் தலை என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

பக்கத்திலேயே பாறையைக் குடைந்து செய்த வெடிமருந்துக் கிடங்கு. இப்போது அதற்குள் நிஜ ரோமானியக் கல்வெட்டுகளையும் கல்லறைப் பெட்டிகளையும் வைத்திருக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே துஷான் பேரரசர் தெருவில் 10-ஆம் எண் வீடு, 1720-களில் ஜெர்மானிய நகரத்தில் கட்டியது. நகரத்திலேயே பழைய வீடு அதுதான் என்றார்கள். நான் போனபோது கீழே கடை நடந்துகொண்டிருந்தது, மேலே ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.


கோட்டைவாசல்:

பன்றித் தலை செர்பியாவுக்கு அந்தக் காலத்தில் கொடுக்கப்பட்ட கேடயச் சின்னம், திரிபாலியா சின்னம் என்பார்கள். ஒரு பக்கம் பேரரசர், மறுபக்கம் ராஜ்ஜியம். 1804 எழுச்சிக்காரர்களும் அதே பன்றித் தலையைத் தங்கள் கொடியிலும் முத்திரையிலும் வைத்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் இதுதான். ஹாப்ஸ்பர்க் படையில் செர்பியர்கள் ஆயுதம் ஏந்தும் வழக்கம் 1739-ஓடு முடியவில்லை. 1788-இல் மறுபடி போர் வந்தபோது தன்னார்வப் படைகள் கிளம்பின. 1789 அக்டோபரில் ஹாப்ஸ்பர்க் தளபதி லாவ்டன் பெல்கிரேடைப் பிடித்தார். 1791 சிஸ்தோவா உடன்படிக்கையில் வியன்னா மறுபடியும் திருப்பிக் கொடுத்தது. அந்தத் தன்னார்வப் படையில் இருந்தவர்களில் ஒருவர் காராஜோர்ஜே. 1804 எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர். ஆக, மாகாணம் நிற்கவில்லை. அது ஆரம்பித்துவைத்த துப்பாக்கிப் பழக்கம் நின்றது.


பழைய பஞ்சாங்கம்:

பார்த்தீர்களா, கடைசியில் துப்பாக்கிக்கே வந்துவிட்டீர்கள். நான் முதல் பதிவிலேயே சொன்னேன்.


கணக்குப்பிள்ளை:

துப்பாக்கி பிடித்தவனுக்கு வரிவிலக்கு கொடுத்ததால் வந்த பழக்கம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.


ஊர்சுற்றி:

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். நான் அடுத்த முறை மெத்வெஜா போகலாம் என்று இருக்கிறேன். வரைபடத்தில் தேடினால் ரொம்பத் தெற்கே காட்டுகிறதே?


நள்ளிரவு நரி:

அது வேறு ஊர். அதே பெயரில் கொசோவோவை ஒட்டி ஒன்று இருக்கிறது, அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ட்ர்ஸ்தெனிக் பக்கத்தில், மேற்கு மொராவா கரையில் இருப்பது. பெல்கிரேடிலிருந்து கிராகுயெவட்ஸ் வழியாகப் போகலாம். டீச்சர் சொன்ன திராச்சா மடம் கிராகுயெவட்ஸுக்கு அருகில், அதையும் பார்த்துவிடலாம். கிசில்யேவோ வேறு திசை, டான்யூப் ஓரம், போஜரேவட்ஸ் வழியாக. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.